பிறப்பு இறப்புப் பதிவும் கணினி ஏடும்

நம் கூட்டுறவுச் சங்கங்களில் ஒரு சிட்டம் நூல் உள்ளே வந்தாலும் அது இருப்பேட்டில் ஏறிவிடுகிறது. ஒரு சேலை விற்பனைக்குச் சென்றாலும் கணக்கில் எழுதப்படுகிறது. விவசாயச் சங்கங்களில் ஒரு மூட்டை உரம் வாங்கிய உறுப்பினரின் பெயரும் நாளும் தவறாமல் பதிவாகின்றன. பொருளுக்கு இத்துணைக் கவனத்தோடு கணக்கு வைக்கும் நாம், அப்பொருளை உண்டாக்கும் மனிதனின் பிறப்புக்கும் இறப்புக்கும் அதே கவனத்தைக் காட்டுகிறோமா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஓர் உறுப்பினர் காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். சங்கத்தில் அவருக்குப் பங்குத் தொகை இருக்கிறது, சேமிப்பு இருக்கிறது, காப்புறுதியும் இருக்கலாம். பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்தில் 2022 ஜூன் முதல் ஆண்டுக் கட்டணம் 436 ரூபாய். காப்புத் தொகை 2 லட்சம் ரூபாய். கணவனை இழந்த பெண்மணி இவற்றைக் கேட்டு வரும்போது முதலில் கேட்கப்படும் காகிதம் இறப்புச் சான்றிதழ். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று பெறுவதற்கும் அதுவே வேண்டும். நிலத்தின் பட்டாவை மாற்றுவதற்கும், வங்கிக் கணக்கை முடிப்பதற்கும், விதவை ஓய்வூதியம் கேட்பதற்கும் அதுவே வேண்டும். அக்காகிதம் இல்லையேல் இறந்தவரின் உழைப்பெல்லாம் ஏட்டில் இருந்தும் குடும்பத்தாரின் கைக்கு வாராது. ஆகவே, இப்பதிவு முறை இந்நாளில் அடைந்துள்ள மாறுதல்களை உறுப்பினர் யாவரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

முன்னாள் வழக்கம்

தேரி மணலும் பனையும் நிறைந்த சாத்தான்குளம் வட்டாரத்தில் குழந்தையின் பிறப்பை நினைவில் வைக்கப் பல வழிகள் இருந்தன. ஜாதகம் எழுதி வைத்த குடும்பங்கள் சில. பெரும் புயல் அடித்த வருஷம், கிணறு வெட்டிய வருஷம், மூத்தவள் கலியாணத்துக்கு முந்திய ஆடி என்று அடையாளம் சொல்லி வந்த குடும்பங்களே பல. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, பிள்ளை வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பியதாகக் கொள்வர். ஆசிரியர் பள்ளிச் சேர்க்கைக்குப் பொருத்தமான ஒரு நாளைப் பிறந்த நாளாக எழுதிவிடுவார். இன்று முதுமை அடைந்துள்ள நம் உறுப்பினர்களில் எத்தனையோ பேருடைய பிறந்த நாள் இப்படி ஆசிரியர் அளித்ததேயாகும்.

இக்கரையில் வேறொரு வகை ஏடும் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. முத்துக்குளித்துறையில் 16-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க சமயம் பரவியது. பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இங்கு வந்தார். 1563-இல் நிறைவுற்ற திரெந்துப் பொதுச்சங்கம் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் ஏடு வைக்க வேண்டுமென்று பங்குக் குருமார்க்கு விதித்தது. பின்னர், 1799-இல் சாத்தான்குளத்துக்கு அருகே முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பு தோன்றியது. அதன் பின் எழுந்த சீர்திருத்தத் திருச்சபைகளும் இத்தகைய ஏடுகளைப் பேணின. கடலுக்கு அப்பால் இலங்கையில் ஒல்லாந்தர் தோம்பு என்ற பெயரால் நிலத்தையும் குடும்பங்களையும் பதிந்து வைத்தனர். பள்ளித் தோம்புகளில் ஞானஸ்நானமும் திருமணமும் எழுதப்பட்டன. ஆயினும், இவையெல்லாம் ஒரு சமயத்தாரை அல்லது ஓர் ஆட்சியின் வரித் தேவையைக் கருதி எழுந்த ஏடுகள். நாட்டில் பிறந்தோர் அனைவரும் இடம்பெறும் ஏடு எதுவும் அக்காலத்தில் இல்லை.

பிரிட்டிஷ் ஆட்சியில் 1886-இல் ஒரு பொதுச் சட்டம் வந்தது. அதன்படி விரும்பியோர் பதிந்துகொள்ளலாம் என்பதே நிலை. சென்னை மாகாணத்தில் 1899-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கிராமங்களில் ஜனன மரண ரிஜிஸ்தரை எழுதும் பொறுப்பு கிராம முன்சீபிடம் இருந்தது. அவர் ஊரார் அனைவரையும் அறிந்தவர். ஆனால், யாரேனும் வந்து சொன்னாலன்றி எழுதமாட்டார். சொன்னவற்றிலும் சில விட்டுப்போகும். பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் 1980-இல் ஒழிக்கப்பட்ட பின்னர் அப்பொறுப்பு கிராம நிர்வாக அலுவலரிடம் வந்து சேர்ந்தது.

இன்று நடைமுறையிலுள்ள சட்டம்

நாடு முழுமைக்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு 1970 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்தல் அச்சட்டத்தால் கட்டாயமாயிற்று. அதன் சாரத்தை ஒவ்வொரு வீட்டாரும் மனத்தில் இருத்துதல் நலம்.

பிறப்பாயினும் இறப்பாயினும் 21 நாட்களுக்குள் அறிவித்துவிட்டால் கட்டணம் ஏதும் இல்லை. 21 நாள் கடந்து 30 நாளுக்குள் என்றால் சிறு தாமதக் கட்டணம் உண்டு. 30 நாள் கடந்து ஓராண்டுக்குள் என்றால் மாவட்டப் பதிவாளரின், அல்லது அதற்கென அமர்த்தப்பட்ட அதிகாரியின், எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் அல்லது அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரின் ஆணை பெற்றே பதிய இயலும். சாத்தான்குளம் வட்டத்தார் அதற்குத் திருச்செந்தூர்க் கோட்டாட்சியர் அலுவலகம் வரை செல்ல வேண்டியிருக்கும். முன்பு இவ்வாணையை முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் அளித்து வந்தார்; பின்னர் அப்பொறுப்பு நிர்வாக அதிகாரிகளிடம் மாறியது. நாள் ஏற ஏற ஒரு நிமிட வேலை ஒரு மாத அலைச்சலாக மாறுவதை இந்த வரிசையே காட்டுகிறது.

யார் அறிவிக்க வேண்டும் என்பதையும் சட்டம் வகுத்திருக்கிறது. வீட்டில் நிகழ்ந்தால் குடும்பத் தலைவர். மருத்துவமனையில் நிகழ்ந்தால் அதன் பொறுப்பு மருத்துவர். விடுதியில் நிகழ்ந்தால் விடுதிப் பொறுப்பாளர். மயானத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் காப்போருக்குக்கூடப் பதிவாளருக்குத் தகவல் தரும் கடமை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தில் நிகழ்ந்தால், வாகனத்தின் பொறுப்பாளர் முதலில் நிற்கும் இடத்தில் அறிவிக்க வேண்டும். வாகனம் என்ற சொல்லில் படகும் கப்பலும் அடங்கும் என்று விதி விளக்கம் தருகிறது. பெரியதாழை, மணப்பாடு போன்ற கடற்கரை ஊரார் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடலில் ஒருவர் படகிலேயே உயிர் துறந்தால், படகை நடத்தியவர் கரை சேர்ந்த இடத்தில் அறிவிப்பதே முறை.

மற்றொரு விதி பலரும் அறியாதது. நிகழ்ச்சி எங்கு நடந்ததோ அங்குதான் அது பதிவாகும். குடும்பத்தார் எங்கு வாழ்கின்றனர் என்பது கணக்கில்லை. சாத்தான்குளத்துப் பெண் தூத்துக்குடி அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றால், அப்பிறப்பு தூத்துக்குடியில்தான் பதிவாகும். நம்மூரார் பம்பாயில் கடை நடத்தி அங்கேயே காலமானால், அவருடைய இறப்பு பம்பாய் ஏட்டிலேயே இருக்கும். இவ்விதியால் விளைந்த தொல்லைக்குக் கணினி தந்த மருந்தை இனிக் காண்போம்.

கணினி ஏடு வந்த வரலாறு

தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறையின் இயக்குநரே பிறப்பு இறப்புத் தலைமைப் பதிவாளர். பதிவாளர்களோ பல வகையினர்: கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலர், ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகாதார ஆய்வாளர், பேரூராட்சி நகராட்சிகளில் அவ்வலுவலகத்தார். பலர் பல விதமாக எழுதி வந்ததால் ஓர் ஊர் ஏட்டுக்கும் மற்றோர் ஊர் ஏட்டுக்கும் ஒருமைப்பாடு இல்லாதிருந்தது. பழைய ஏடுகள் வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் சேர்க்கப்பட்டிருக்கும். ஒரு பதிவைத் தேடிப் பெற, நடந்த வருஷமும் ஊரும் சரியாகத் தெரிந்திருத்தல் வேண்டும். கரையான் அரித்த தாளும், நீர்பட்டு அழிந்த மையும் எத்தனையோ குடும்பங்களின் வழக்கைக் கெடுத்திருக்கின்றன.

இக்குறையைக் களையத் தமிழ்நாடு இரு வழிகளில் முயன்றது. கருவுற்ற தாய்மாரைப் பிரசவத்துக்கு முன்பே பதிந்து, தாயையும் சேயையும் தொடர்ந்து கவனிக்கும் பிக்மி என்னும் கணினி ஏற்பாடு 2008-இல் தொடங்கியது. இதில் தாய்க்குக் கிடைக்கும் 12 இலக்க எண் பின்னர்ப் பிறப்புப் பதிவோடு இணைக்கப்பட்டது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கருக்காலத்திலேயே பெயரைப் பதிந்துகொள்வது இதனால்தான் முக்கியமாயிற்று. இரண்டாவதாக, 2017 அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதமான பதிவு மென்பொருள் கொண்டுவரப்பட்டது. மருத்துவமனையில் நிகழும் பிறப்பை அம்மருத்துவமனையே கணினியில் ஏற்றுகிறது. பதிவாளர் சரிபார்த்து ஒப்புதல் தருகிறார். சான்றிதழில் கட்டம் கட்டமான ஒரு குறி அச்சாகிறது. அக்குறியைக் கைப்பேசியால் படித்துப் பார்த்தால் சான்றிதழ் மெய்யானதா என்பது தெரியும்.

இந்திய அளவில் 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மாநிலமும் ஒரு தரவுத்தளம் வைக்க வேண்டும். அவை யாவும் இந்தியத் தலைமைப் பதிவாளரிடமுள்ள தேசியத் தரவுத்தளத்தோடு சேர வேண்டும் என்று அது விதித்தது. பதிவு முடிந்த 7 நாட்களுக்குள் மின்னணு வழியிலோ வேறு வழியிலோ சான்றிதழைக் கட்டணமின்றி அளித்தல் வேண்டும். 2024 அக்டோபரில் மத்திய அரசு இதற்கெனக் கைப்பேசிச் செயலி ஒன்றையும் வெளியிட்டது.

அத்திருத்தத்தில் பெற்றோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டுவது ஒன்று உண்டு. 2023 அக்டோபர் 1-ஆம் நாளிலும் அதன் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, அரசு வேலை, கடவுச்சீட்டு, ஆதார் ஆகியவற்றில் பிறந்த நாளையும் பிறந்த இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே. காதைத் தொட்டு வயது சொல்லும் காலம் அவர்களுக்கு இல்லை. அதற்கு முன் பிறந்தவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை; அவர்களுடைய பிற ஆவணங்களின் மதிப்பை இத்திருத்தம் குறைக்கவில்லை.

நாட்டின் முன்னேற்றமும் சிறியதன்று. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பிறப்புப் பதிவானோர் 2005-06-இல் நூற்றுக்கு 41 பேர். 2015-16-இல் 80 பேர். 2019-21-இல் 89 பேர். உலக அளவில், பதிவு பெறாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் சுமார் 15 கோடி என்று யூனிசெப் ஸ்தாபனம் 2024-இல் தெரிவித்தது. அத்தொகையோடு ஒப்பிட்டால் நம் நாடு நெடுந்தூரம் வந்துவிட்டது என்பது விளங்கும்.

எட்டாத ஏடு எட்டும்

கணினி ஏட்டின் முதற்பயன் தொலைவைக் குறைத்தலாகும். தூத்துக்குடியில் பதிவான பிறப்புக்குத் தூத்துக்குடி சென்று வரிசையில் நிற்க வேண்டிய கட்டாயம் தீர்ந்தது. பதிவு எண் முதலிய விவரங்கள் தெரிந்திருந்தால் இணையத்திலிருந்தே சான்றிதழை எடுத்துக்கொள்ளலாம். நம் வட்டாரத்தார் பிழைப்பின் பொருட்டுச் சென்னைக்கும் பம்பாய்க்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். அங்கிருக்கும் ஒருவர் ஊரிலுள்ள தந்தையின் இறப்புச் சான்றை இருந்த இடத்திலேயே பெற முடிவது சிறிய உதவியன்று. ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏறும் நெசவாளிக்கும் பனையேறும் தொழிலாளிக்கும் அது இன்னும் பெரிய உதவியாகும்.

எனினும், எல்லாப் பதிவுகளும் இணையத்தில் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் 2018 முதலான பதிவுகளையே இவ்வாறு எளிதில் பெறலாம். அதற்கு முற்பட்டவற்றுக்கு அந்தந்த அலுவலகத்தில் தேடல் மனு கொடுப்பதே முறை. முதியோர் தம் பழைய சான்றுகளைப் பத்திரமாக வைத்திருப்பது இன்றும் அவசியமே.

ஓர் எழுத்தின் விலை

கணினி விரைவாகத் தேடும்; ஆனால், எழுதியதை எழுதியபடியேதான் தேடும். இதனை நன்கு உணர்தல் வேண்டும். கிராம முன்சீபுக்குச் செல்லத்துரை என்றாலும் செல்லதுரை என்றாலும் ஆள் ஒருவரே என்பது தெரியும். இயந்திரத்துக்கு அவர்கள் இருவர். முத்துலட்சுமி வேறு, முத்துலெட்சுமி வேறு. ஆங்கிலத்தில் எழுதும்போது தொல்லை இன்னும் பெருகும். ஒருவர் ஒரே எல் போடுவார், மற்றவர் இரண்டு போடுவார். தகரத்துக்குப் பின் எச் சேர்ப்பவரும் உண்டு, சேர்க்காதவரும் உண்டு. ழகரத்தை எழுதும் விதமோ ஆளுக்கு ஆள் வேறு.

தலைப்பெழுத்தும் தமிழர்க்கே உரிய ஒரு சிக்கல். தந்தையின் பெயர் சுடலைமுத்து. மகனின் தலைப்பெழுத்து தமிழில் சு, ஆங்கிலத்தில் எஸ். வடநாட்டு விண்ணப்பம் அதனை முதற்பெயராகக் கொண்டுவிடுகிறது. பெண்மணிக்குக் கலியாணத்துக்கு முன் தந்தையின் எழுத்து, பின்னர்க் கணவரின் எழுத்து. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று, சங்கத்தின் உறுப்பினர் ஏட்டில் உள்ள பெயர் வேறொன்று என்று மூன்று பெயரோடு வாழ்பவரும் நம்மிடையே உண்டு. உயிரோடு இருக்கும் வரையில் மூன்றும் ஒருவரே. ஊரே சாட்சி சொல்லும். இறந்த பிறகு, இவர்தாம் அவர் என்று மெய்ப்பிக்கும் சுமை விதவையின் தலையில் விழுகிறது.

முற்காலத்தில் ஏட்டில் நேர்ந்த பிழை அந்த ஏட்டோடு நின்றது. இப்போதோ பிறப்புப் பதிவில் விழுந்த ஒரு பிழையான எழுத்து ஆதாருக்கும் பள்ளிச் சான்றுக்கும் கடவுச்சீட்டுக்கும் வழிவழியாகச் சென்றுவிடுகிறது. பாவில் ஓர் இழை தவறினால் சேலை முழுவதும் அக்கோடு தெரிவதை நெசவாளர்க்குச் சொல்லிக் காட்ட வேண்டுவதில்லை. ஆதலின், பிரசவமான மருத்துவமனையில் விவரம் எழுதும்போது, தாய் தந்தையரின் பெயரை ஆதார் அட்டையில் உள்ளபடியே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தல் வேண்டும், வாய்ச்சொல்லால் விடலாகாது. கணினியில் ஏற்றியதை ஒருமுறை படித்துப் பார்த்த பின்னரே ஒப்பமிடல் வேண்டும்.

பிழை நேர்ந்துவிட்டால் திருத்த வழி உண்டு. சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, பதிவாளர் மூலப்பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதி ஒப்பமிட்டு நாளிடுவார். முன்னிருந்தது யாது, திருத்தியது யாது என்ற இரண்டும் தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம் சங்கக் கணக்கில் எண்ணை அடித்து எழுதும் முறையும் இதுவேயன்றோ? குழந்தைக்குப் பெயர் வைக்காமலே பிறப்பைப் பதிந்திருந்தால், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின்னர் 15 ஆண்டு வரையில் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பெயரில்லாத சான்றிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வரும்போது தேடுவது நம்மிடையே உள்ள கெட்ட வழக்கம்.

இறப்பைப் பதியத் தயங்குவோர்

பிறப்பைப் பதியும் ஆர்வம் இறப்பைப் பதிவதில் இல்லை. காரணம் தேடுவது கடினமன்று. பிறப்பு இன்று பெரும்பாலும் மருத்துவமனையில் நிகழ்கிறது. இறப்போ பல வீடுகளில் நிகழ்கிறது. துக்கம் வந்த வீட்டில் பதினாறாம் நாள் கழியுமுன் காகிதத்தை நினைப்பவர் குறைவு. பதினாறு கழிந்தபின் மீதி இருப்பது ஐந்தே நாள்.

ஆண்களின் இறப்பைக் காட்டிலும் பெண்களின் இறப்பு நம் நாட்டில் குறைவாகவே பதிவாகிறது. நிலமும் வங்கிக் கணக்கும் ஆண் பெயரில் இருப்பதால் ஆணுக்குச் சான்று கேட்போர் உளர். வாழ்நாள் முழுவதும் பாவு ஓட்டியும் தார் சுற்றியும் குடும்பத்தைத் தாங்கிய மூதாட்டி மறைந்தால் அவருடைய சான்றை யாரும் கேட்பதில்லை. ஆதலால் யாரும் பதிவதுமில்லை. சொத்து இல்லாதவரின் இறப்பும் இறப்பே. ஏட்டில் ஏறாத இறப்பு நாட்டின் கணக்கிலும் ஏறாது. அவ்வூரில் எந்நோய் மக்களைக் கொண்டுபோகிறது என்பதை அறிய வழியில்லாமற் போகும். 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை நூற்றுக்கு 22.5 மட்டுமே. நெசவாளரின் மார்பு நோயையும், பனையிலிருந்து விழுந்து மாண்டோரையும் அரசாங்கம் கணக்கிட வேண்டுமாயின் அவர்கள் முதலில் ஏட்டில் இடம்பெற வேண்டும்.

இறப்பின் காரணம் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சி மறைப்போரும் உளர். அவ்வச்சம் தேவையில்லை. இறப்புச் சான்றிதழில் காரணத்தை வெளியிடலாகாது என்று சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. காரணம் கணக்குக்காகப் பதிவாகிறதேயன்றிக் குடும்பத்தின் பெயரோடு வெளியே செல்வதில்லை.

ஏட்டின் வலிமை எத்தகையது என்பதற்கு உத்தரப்பிரதேசத்து அசம்கர் மாவட்டத்தைச் சேர்ந்த லால் பிஹாரி என்பவரின் கதை சான்றாகும். நெசவுத் தொழில் நடத்தக் கடன் கேட்கப் போனபோதுதான், வருவாய்த்துறை ஏட்டில் தாம் இறந்துவிட்டதாக எழுதப்பட்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. உறவினர் அவருடைய நிலத்தைத் தமதாக்கிக்கொள்ள அவ்வாறு எழுதச் செய்திருந்தனர். 1975 முதல் 1994 வரை அவர் உயிரோடு நடமாடிக்கொண்டே ஏட்டில் இறந்தவராக இருந்தார். தம் பெயரோடு 'மிருதக்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டு, தம்மைப் போல் ஏட்டில் இறந்தவர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்துப் போராடி உயிர் பெற்றார். நில ஏடு ஒருபுறமும் இறப்பு ஏடு ஒருபுறமும் தனித்தனியே கிடந்ததால் இந்தச் சூது நடந்தது. ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்க கணினி ஏடுகள் நேர்மையாகப் பேணப்பட்டால் இத்தகைய சூதுக்கு இடம் குறையும்.

கடலில் மறைந்தோர்

நம் கடற்கரைக்கு மட்டும் உரிய துயரம் ஒன்று உண்டு. கடலுக்குச் சென்றவர் திரும்பவில்லை; உடலும் கிடைக்கவில்லை. அக்குடும்பத்துக்கு எந்நாளை இறந்த நாளாக எழுதுவது? உடல் கிடைக்காத நிலையில் பதிவாளர் தாமாக இறப்பைப் பதிய இயலாது. ஏழாண்டுக் காலம் ஒருவரைப் பற்றித் தகவல் இல்லையாயின், அவர் உயிரோடிருக்கிறார் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவ்வாறு சொல்பவரைச் சாரும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் விதி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் 111-ஆம் பிரிவாக அவ்விதி தொடர்கிறது. ஏழாண்டு காத்திருந்து, பின்னர் நீதிமன்றத்தை நாடிச் சான்று பெறுவதற்குள் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடுகின்றனர். கடன் வட்டி வளர்ந்துவிடுகிறது.

பெருந்துயரங்களில் அரசுகள் இவ்விதியைத் தளர்த்தியதுண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், இலங்கை நாடாளுமன்றம் 2005-இல் இறப்புப் பதிவுக்கெனத் தற்காலிகச் சட்டம் இயற்றி, காணாமற் போனோரின் குடும்பத்தார் சான்று பெற வழி செய்தது. உத்தரகண்டில் 2021 பிப்ரவரியில் சமோலி வெள்ளத்தில் காணாமற் போனவர்களுக்கும் தனி நடைமுறை வகுக்கப்பட்டது. பெரும் எண்ணிக்கையில் மக்கள் மறையும்போது வழி பிறக்கிறது. பெரியதாழையிலோ மணப்பாட்டிலோ ஒரே ஒரு வள்ளம் கவிழ்ந்து ஒருவர் மறைந்தால் அவ்வீட்டாருக்கும் அதே துயரந்தானே? உடன் சென்றவர்களின் வாக்குமூலம், கடலோரக் காவல் நிலையப் புகார், மீன்துறையின் அறிக்கை ஆகியவற்றை ஆராய்ந்து குறுகிய காலத்தில் முடிவு சொல்லும் நிலையான நடைமுறை ஒன்று வேண்டும். கணினியால் அறிக்கைகளை ஓரிடத்தில் சேர்த்து வைக்க இயலும். ஏழாண்டைக் குறைக்கும் அதிகாரம் சட்டமியற்றுவோரிடமே இருக்கிறது. மீனவர் சங்கங்களும் நம் சங்கங்களும் இதற்கெனத் தொடர்ந்து குரல் எழுப்புதல் கடமையாகும். அதுவரை, ஆள் திரும்பாத அன்றே காவல் நிலையத்தில் புகார் பதிந்து அதன் நகலைப் பேணுதல் குடும்பத்தார் செய்யத்தக்க முதற்காரியம்.

எச்சரிக்கைகள்

எப்புதுமையிலும் தீமை கலவாதிருப்பதில்லை. அரசின் பதிவுத்தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலி இணையதளங்களை அமைத்து, பணம் பெற்றுக்கொண்டு பொய்ச் சான்றிதழ் தருவோர் நாட்டின் பல பகுதிகளில் பிடிபட்டனர். இடைத்தரகரிடம் ஐந்நூறு ஆயிரம் கொடுத்து வாங்கும் சான்று, குறியைப் படித்துப் பார்க்கும்போது பொய்யென்று தெரிந்தால், வாங்கியவரும் குற்றத்துக்கு உள்ளாவார்.

ஒரே இடத்தில் கோடிக்கணக்கானோரின் விவரம் சேரும்போது அதனைக் காக்கும் பொறுப்பும் பெரிதாகிறது. 2023 ஜூலையில் வங்காளதேசத்தின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலக இணையதளத்திலிருந்து பெருந்தொகையான மக்களின் பெயர், பிறந்த நாள், அடையாள எண் முதலியன வெளிப்பட்டன. நம் நாட்டின் 2023 திருத்தம், மத்திய அரசின் ஒப்புதலோடு இத்தரவை வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை முதலிய பிற ஏடுகளுக்கும் அளிக்க இடம் தருகிறது. இறந்தவர் பெயரில் அரிசி வாங்குவது அதனால் குறையும் என்பது மெய். ஆனால், ஓர் ஏட்டில் தவறாக இறந்தவரென்று எழுதப்பட்டவர் எல்லா ஏடுகளிலும் ஒரே நாளில் இறந்துவிடாதபடி காப்பும் வேண்டும். பதிவாளரின் முடிவினால் பாதிக்கப்பட்டவர் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அத்திருத்தம் விதித்துள்ளதை அனைவரும் நினைவில் வைத்தல் நன்று.

சங்கங்கள் செய்யத்தக்கவை

அரசாங்கம் ஏற்பாட்டைச் செய்துவிட்டது. 21 நாட்களுக்குள் அறிவிப்பதும், சரியாக எழுதுவதும் மக்கள் கையில் உள்ளன. மக்களை நன்கறிந்த அமைப்பு கூட்டுறவுச் சங்கம். உறுப்பினர் வீட்டில் நன்மை தீமை எது நிகழ்ந்தாலும் அன்றே சங்கத்துக்குத் தெரிந்துவிடும். ஆகவே பின்வருவனவற்றைச் சங்கங்கள் மேற்கொள்ளலாம்.

முதலாவது, உறுப்பினர் ஏட்டில் உள்ள பெயர், ஆதாரில் உள்ள பெயர், நியமனதாரரின் பெயர் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, வேறுபாடு இருப்பின் உறுப்பினர் உயிரோடிருக்கும்போதே திருத்திக்கொள்ளச் செய்தல்.

இரண்டாவது, உறுப்பினர் வீட்டில் துக்கம் நேர்ந்தால், சங்கத்தின் சார்பில் மாலை எடுத்துச் செல்லும் நிர்வாகக் குழுவினரே இறப்பு அறிவிப்புப் படிவத்தையும் நிரப்பி உதவுதல். பதினாறாம் நாளுக்குக் காத்திராமல் முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடலாம். இறந்தவர் பெண்ணாயினும், சொத்து இல்லாதவராயினும் இதில் வேறுபாடு கூடாது.

மூன்றாவது, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவற்றில் பொதுச் சேவை மையங்கள் இயங்குகின்றன. கணினியும் அதனை இயக்குவாரும் அங்கு உளர். அண்டையிலுள்ள நெசவாளர் சங்கத்தாரும் அவற்றைப் பயன்படுத்திச் சான்றிதழ்களை எடுத்துக்கொள்ளலாம். எழுதப் படிக்க அறியாத முதியோர்க்கு மாதத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குதல் சிறப்பு.

நான்காவது, பேரவைக் கூட்டத்தில் ஆண்டறிக்கை வாசிக்கும்போது, அவ்வாண்டில் மறைந்த உறுப்பினர் இத்தனை பேர், அவர்களில் இறப்புச் சான்று பெற்ற குடும்பங்கள் இத்தனை, பங்குத் தொகையும் காப்புத் தொகையும் சேர்ந்த குடும்பங்கள் இத்தனை என்று மூன்று எண்களையும் சேர்த்து வாசித்தல். மூன்று எண்களும் ஒன்றாயிருக்கும் சங்கமே தன் கடமையைச் செய்த சங்கம்.

இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஓர் ஏடும், ஒரு பொறுப்பாளரும், சிறிது கவனமும் போதும். இம்மாத நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி, உறுப்பினர் பெயர்களைச் சரிபார்க்கும் வேலையைத் தொடங்குவோமாக.